யானை பிழைத்த வேலும் மூன்று அகராதிகளும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற குறளைப் படித்துவிட்டு, ‘யானை எப்படிப் பிழைத்தது?’ என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். கைபேசியில் ‘பிழை’ என்று தேடினீர்கள். ‘தவறு’ என்று வந்தது. வீட்டில் இருந்த சிறிய அகராதியில் ‘உயிர் தப்புதல், வாழ்தல்’ என்று இருந்தது. நூலகத்தில் எடுத்துப் பார்த்த பெரிய அகராதியில் பொருள்கள் வரிசையாக நின்றன, அவற்றில் ‘இலக்குத் தவறுதல்’ என்பதும் ஒன்று. மூன்றில் எது சரியான அகராதி, ஏன் இத்தனை வகை, எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது: ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று அகராதி சொல்லும்போது அது எந்த உரிமையில் சொல்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அகராதிப் பணியில் இருந்தேன். முதலில் சொல் அட்டை எழுதினேன், பிறகு மெய்ப்புப் பார்த்தேன், கடைசியில் பதிவுகளைத் திருத்தினேன். சொற்பிறப்பியல் என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

முதலில் மகளின் கேள்வி. அந்தக் குறளில் பிழைத்தது யானை இல்லை, வேல். ‘பிழைத்த’ என்ற பெயரெச்சம் அடுத்து நிற்கும் வேலைத் தழுவுகிறது. ‘யானை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது: யானையைப் பிழைத்த வேல், அதாவது யானை மேல் எறிந்து இலக்குத் தவறிய வேல். பரிமேலழகர் உரையைப் பார்த்தால், முயலைப் ‘பிழையாமல்’ எய்த அம்பு என்று முதல் அடிக்கு எழுதுவார். ‘தப்பாமல்’ என்று நாம் இன்று சொல்லும் இடத்தில் அவர் ‘பிழையாமல்’ என்கிறார். வேல் தவறியதால் யானை உயிரோடு போயிருக்கும் என்பது வேறு சங்கதி. குறள் அதைப் பேசவில்லை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆக, நீங்கள் பார்த்த மூன்றும் பொய் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்காகச் செய்யப்பட்டவை. ஓர் அகராதியைத் திறப்பதற்கு முன்னால், இது யாருக்கு எது தெரியாது என்று நினைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

தமிழில் இந்த வேலை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், தொல்காப்பியத்தின் உரியியலில் ஒரு நூற்பா கிடைக்கிறது: ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன.’ எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, தெரியாத சொல்லுக்குச் சொன்னால் போதும் என்பது கருத்து. ‘உறு, தவ, நனி’ மூன்றுக்கும் மிகுதி என்று பொருள் என்பது போல அருஞ்சொற்களுக்கு மட்டும் அங்கே விளக்கம் வருகிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்கால அகராதி இந்த விதியை அப்படியே தலைகீழாக்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து வந்தவை நிகண்டுகள். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது திவாகரம். எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் காலக் கணிப்பில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. அதற்கடுத்தது பிங்கலந்தை. திவாகரத்தைத் திறந்தால் அகர வரிசை இருக்காது. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம், பண்பு, செயல், ஒலி என்று உலகத்தையே பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும். யானை என்ற பொருளைத் தேடிப் போனால் களிறு, வேழம், கைம்மா, வாரணம், உம்பல், கரி என்று சொற்கள் கொட்டும். கவனியுங்கள்: கையில் பொருள் இருக்கிறது, சொல் வேண்டும். செய்யுள் எழுதுகிறவனுக்கு யானை என்றால் என்ன என்பது தெரியும். அந்த அடியில், அந்த எதுகைக்கு, அந்தச் சீருக்குப் பொருந்துகிற யானையின் பெயர்தான் தெரியாது. நிகண்டு அவனுக்காகச் செய்தது. நீங்களும் நானும் எதிர்த் திசையில் நிற்கிறோம். நம் கையில் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. இந்த இரண்டு திசைகளையும் பிரித்துப் பார்க்காமல் அகராதி வகைகளைப் பற்றிப் பேசவே முடியாது. இன்று ஒத்தசொல் அகராதி, பொருட்புல அகராதி என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை நிகண்டின் திசையில் செல்பவை.

இன்னொன்று, நிகண்டு புரட்டிப் பார்க்கிற புத்தகம் இல்லை. மனப்பாடம் செய்வதற்காகப் பாட்டாக எழுதப்பட்டது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் இருப்பதால் பிள்ளைகளுக்குச் சுலபமாக வாயில் நின்றது. திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக அதை ஒப்பித்தார்கள். அதன் பதினோராவது தொகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் வரும். ‘பகவன்’ என்ற சொல்லுக்கு ஈசன், மாயோன், பங்கயன், சினன், புத்தன் என்று ஒரே மூச்சில் சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார் அந்தச் சமணப் புலவர். அந்தத் தொகுதியின் சொற்கள் எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் எழுத்து ககரமாக உள்ளவை முதலில், பிறகு அடுத்த எழுத்து, இப்படி. முதல் எழுத்தைப் பிடித்துத் தேடுவதுதான் இயற்கை என்று நாம் நினைக்கிறோம். பாட்டைச் செவியில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாம் எழுத்துத்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

முதல் எழுத்தை வைத்து அடுக்கும் முறையைத் தமிழில் கொண்டுவந்தவர் சிதம்பரம் இரேவண சித்தர். 1594இல் அவர் செய்த நூலின் பெயர் அகராதி நிகண்டு. அகரம் ஆதியாக, அதாவது ‘அ’ தொடக்கமாக அடுக்கியது என்ற பொருளில் வந்த அந்த அடைமொழிதான் பிறகு இந்த வகை நூல்கள் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. ஆனால் அவர் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். சொல்லின் எல்லா எழுத்துகளையும் பார்த்து அடுக்கி, யார் வேண்டுமானாலும் புரட்டித் தேடிக்கொள்ளும் நூலாக ஆக்கியது வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி. ‘சதுர்’ என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள் ஒன்றாகக் கட்டப்பட்டவை. பெயரகராதி சொல்லிலிருந்து பொருளுக்குப் போகிறது. பொருளகராதி பொருளிலிருந்து சொல்லுக்குப் போகிறது. தொகையகராதியில் முக்கனி, நவமணி போன்ற தொகைகள் வரும். தொடையகராதி எதுகை தேடுபவர்களுக்கு. நிகண்டு செய்துவந்த வேலையையும் அவர் கைவிடவில்லை, புதிய வேலையையும் சேர்த்துக்கொண்டார். ‘அகராதி என்றால் ஒன்றுதானே இருக்க வேண்டும்’ என்று நீங்கள் கேட்டதற்குப் பழைய பதில் ஒன்று வேண்டுமென்றால், அந்த நூலின் தலைப்பே பதில்.

இருமொழி அகராதிகளின் கதை தனி. தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்று 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. செய்தவர் அந்தாம் தெ ப்ரொவென்சா என்ற ஏசு சபைப் பாதிரியார். அச்சாவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அதன் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைத் தனிநாயகம் அடிகள் 1966இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். 1779இல் சென்னை வேப்பேரியில் ஃபபிரீசியுஸின் தமிழ்-ஆங்கில அகராதி வந்தது. 1862இல் வின்சுலோவின் பேரகராதி வந்தது. அதில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இவற்றின் நோக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை, சமயம் பரப்ப வந்தவர்கள் செய்தவை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புலவர்கள் ‘வெளிப்படு சொல்’ என்று விட்டுவிட்டதை எல்லாம் இவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். வெளியூர்க்காரனுக்குச் சந்தையில் பேசும் சொல்தான் முதலில் தேவை. அதனால் பேச்சுச் சொற்கள் ஏட்டில் ஏறின. இதற்கிடையில், 1842இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி என்று அழைக்கப்படும் தமிழ்-தமிழ் அகராதி வந்தது. சந்திரசேகர பண்டிதர் முன்னின்று செய்த அதில் 58,500 சொற்கள்.

நீங்கள் நூலகத்தில் பார்த்த பெரிய அகராதி பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனாக இருக்கும். 1913இல் தொடங்கிய வேலை. ஆறு தொகுதிகள் 1936 வரை வெளிவந்தன, 1939இல் அனுபந்தம் வந்தது. முதல் பதிப்பாசிரியர் சாண்ட்லர்; 1926 முதல் பொறுப்பேற்று முடித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தந்து, பெரும்பாலும் அந்தப் பொருளில் சொல் வரும் இலக்கிய இடத்தையும் அடைப்புக்குள் காட்டுவார்கள். அந்த மேற்கோள்தான் அதன் உயிர். ஒரு பொருளுக்குப் பக்கத்தில் இடம் காட்டியிருந்தால் நீங்களே போய்ச் சரிபார்க்கலாம். அகராதி எந்த உரிமையில் சொல்கிறது என்ற கேள்விக்கு நேர்மையான விடை அதுதான்: இந்த இடத்தில் இந்தச் சொல் இந்தப் பொருளில் வந்திருக்கிறது, நான் பார்த்தேன், நீயும் பார்.

ஆனால் லெக்சிகன் பல காலத்துப் பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. சங்ககாலப் பொருளும் நேற்றைய பேச்சு வழக்கும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். எது இன்று உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த இடத்தை நிரப்ப வந்தது 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பா. ரா. சுப்பிரமணியன், பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணன். 2008இல் விரிவாக்கிய பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. மூன்றாம் பதிப்பு வந்த ஆண்டிலேயே ராமகிருஷ்ணன் மறைந்தார். இன்றைய அச்சுத் தமிழில் என்ன வழங்குகிறது என்று வாக்கியங்களைத் திரட்டி, அதிலிருந்து பொருளைப் பிரித்த அகராதி அது. இலங்கைத் தமிழ் வழக்கைத் தனியாகக் குறித்துத் தருகிறது. உங்கள் வீட்டிலிருந்த சிறிய அகராதி எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதுவும் இன்றைய வழக்கையே எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்று யாரும் ‘வேல் பிழைத்தது’ என்று எழுதுவதில்லை. அதனால் அந்தப் பொருள் அங்கே இல்லை. அது குறையன்று.

இன்றைய வழக்குக்கு அகராதி செய்வது எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாம் அட்டைதான். அட்டையின் இடது மேல் மூலையில் தலைச்சொல், நடுவில் அது வந்த வாக்கியம் முழுதாக, கீழே நூல் பெயரும் பக்கமும். ஒரு நாள் ‘பிடி’ என்ற வினைச்சொல்லின் அட்டைக் கட்டு என் மேசைக்கு வந்தது. நூலைப் பிரித்து மேசையில் பரப்பினேன். திருடனைப் பிடித்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொழுக்கட்டை பிடித்தாள். படம் பிடித்தார். கடைசி பஸ்ஸைப் பிடித்தான். வாடகைக்கு வீடு பிடித்தார்கள். சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்தார்கள். சளி பிடித்தது. துரு பிடித்தது. பேய் பிடித்தது. மழை பிடித்துக்கொண்டது. குடம் பத்து லிட்டர் பிடிக்கும். போய்வர மூன்று மணி நேரம் பிடிக்கும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

தொல்காப்பியர் சொன்னபடி பார்த்தால் இது வெளிப்படு சொல். நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஆனால் அதை எத்தனை பொருளாகப் பிரிப்பது? ‘சளி பிடித்தது’, ‘துரு பிடித்தது’ இரண்டும் ஒன்றா? இரண்டிலும் வேண்டாத ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் பேயும் அங்கேயே சேருமா? சளி பிடித்த ஆளுக்கு நான்காம் வேற்றுமை வருகிறது: அவனுக்குச் சளி பிடித்தது. பேயும் அப்படியே: அவனுக்குப் பேய் பிடித்தது. ஆனால் துரு? ‘கத்திக்குத் துரு பிடித்தது’ என்று யாரும் எழுதவில்லை. அட்டைகளில் எல்லாம் ‘கத்தி துருப்பிடித்தது’ என்றே இருந்தது, சில இடங்களில் சேர்த்தே எழுதியிருந்தார்கள். எனவே துரு தனியே பிரிந்தது. குடமும் நேரமும் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தன. குடம் பத்து லிட்டரைப் பிடிக்கிறது, அதாவது கொள்கிறது. பயணம் மூன்று மணி நேரத்தைப் பிடிக்கிறது, அதாவது எடுத்துக்கொள்கிறது. ‘கொள்ளுதல்’ என்று இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா? என் மூத்தவர், ஒன்றின் இடத்தில் மற்றொரு சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ‘குடம் பத்து லிட்டர் கொள்ளும்’ நிற்கிறது. ‘போய்வர மூன்று மணி நேரம் கொள்ளும்’ நிற்கவில்லை. ‘மூன்று மணி நேரம் ஆகும்’ என்றால் நிற்கிறது. ‘குடம் பத்து லிட்டர் ஆகும்’ என்றால் நிற்கவில்லை. இரண்டு பொருள் என்று முடிவு செய்தோம்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகராதியில் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்து, மொழியிலேயே அந்தக் கோடுகள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வாக்கியங்கள் மொழியில் இருக்கின்றன. கோட்டைப் போட்டது என்னைப் போல் ஒருவர். இன்னொரு குழு வேறு இடத்தில் போட்டிருக்கும். எனவே ஓர் அகராதியில் எட்டுப் பொருளும் இன்னொன்றில் பன்னிரண்டு பொருளும் இருந்தால் ஒன்று தவறு என்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் அட்டையே இல்லாமல், முந்தைய அகராதியைப் பார்த்து எழுதிய பொருள் என்றால் அதை நான் நம்ப மாட்டேன். சந்தையில் விற்கும் கையடக்க அகராதிகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இனி நான் தயங்கும் இடம். ‘பிழை’க்குத் தவறு என்றும் உயிர் வாழ்தல் என்றும் எதிரெதிராகப் பொருள் வந்தது எப்படி என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்பாள். அம்பும் வேலும் இலக்கைப் பிழைக்கின்றன. இலக்காக இருந்த விலங்கு அதனால் உயிர் பிழைக்கிறது. தவறியதும் தப்பியதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இதற்குத் துணையாக ‘தப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘தப்பு செய்தான்’ என்றால் தவறு, ‘தப்பிவிட்டான்’ என்றால் உயிரோடு போய்விட்டான். ‘குறி தப்பியது’ என்று இன்றும் சொல்கிறோம். இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே பாதையில் நடந்திருப்பதால் என் ஊகம் பொருத்தமானதாகத் தோன்றுகிறது. ஆனாலும் ஊகம்தான். எந்தப் பொருள் முந்தியது, எது பிந்தியது என்பதை நூல்களின் கால வரிசையில் வைத்துக் காட்டினால்தான் அது நிறுவப்படும்.

சொற்பிறப்பு அகராதிகள் அந்த வகைக் கேள்விக்காகச் செய்யப்பட்டவை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தமிழ்ச் சொல்லோடு உறவுடைய மலையாள, கன்னட, தெலுங்கு, துளு, கோண்டிச் சொற்களைப் பக்கத்தில் நிறுத்துகிறது. அவற்றுக்கு மூல வடிவம் இதுதான் என்று அது அறுதியிடுவதில்லை; இவை ஓரினம் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். தேவநேயப் பாவாணர் எதிர்முனையில் நின்றார். லெக்சிகன் பல தமிழ்ச் சொற்களை வடமொழியிலிருந்து வந்தவை என்று குறித்துவிட்டது என்பது அவருடைய ஆறாத மனக்குறை. 1974இல் தமிழ்நாடு அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்தை அவர் பொறுப்பில் தொடங்கியது. ‘ஆதி’ வடசொல் என்பதால் ‘அகரமுதலி’ என்ற பெயர். அவர் 1981இல் மறைந்த பிறகும் பணி தொடர்ந்து நிறைவடைந்தது. லெக்சிகனின் மீது அவர் வைத்த குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. லெக்சிகன் வடமொழி என்று குறித்த சில சொற்களைப் பிற்கால ஆய்வு திராவிடம் என்றே கொள்கிறது. அதேபோல் பாவாணர் தமிழ் வேர் காட்டிய பல சொற்களை ஒப்பியல் மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. சொல்லின் பிறப்பைப் பற்றி எதைப் படித்தாலும் இரண்டு தரப்பையும் பாருங்கள்; ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேர் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னும் சில வகைகள் உண்டு, விரைவாகச் சொல்கிறேன். கல்வெட்டுச் சொற்களுக்குத் தனி அகராதி வேண்டும். சோழர் காலக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வரும். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் சாகாத, மூப்படையாத பெரிய ஆடு. உண்மையில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க நெய் வேண்டித் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் இடையன் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை சாகாது, மூப்படையாது. அந்த ஏற்பாட்டைத் தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதவே முடியாது. வட்டார அகராதிக்கு வழிகாட்டியவர் கி. ராஜநாராயணன், அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. ஒரு பல்கலைக்கழகம் குழு அமைத்துச் செய்ய வேண்டியதை ஒரு விவசாயி-எழுத்தாளர் நண்பர்களின் துணையோடு செய்தார். பிறகு பெருமாள்முருகன் கொங்குக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் செய்தார்கள். சொல்லடைவு என்று ஒன்று உண்டு; அது பொருளே சொல்லாது, ஒரு சொல் எந்தெந்த நூலில் எந்தெந்த வரியில் வருகிறது என்று மட்டும் காட்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்கு அப்படி மூன்று தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. பொருள் சொல்லாத அந்த நூலைத்தான் நான் வேலையில் அதிகம் புரட்டியிருக்கிறேன். கலைச்சொல் அகராதி மருத்துவம், சட்டம் போன்ற துறைக்காரர்களுக்கு. அபிதான சிந்தாமணி அகராதி என்று தவறாகக் கருதப்படுகிறது. 1910இல் வந்த அந்த நூல் கலைக்களஞ்சியம். சொல்லைப் பற்றிச் சொன்னால் அகராதி, பொருளைப் பற்றிச் சொன்னால் களஞ்சியம்.

கைபேசியில் தேடுவதில் ஒரு சிக்கல். சில செயலிகள் ‘பிழை’க்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடி, அதைத் திருப்பித் தமிழாக்கித் தருவதுபோல் தெரிகிறது. கணினி பிழைச் செய்தி காட்டுகிற காலமாகையால் ‘தவறு’ முதலில் வந்திருக்கலாம். அதே கைபேசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்துக்குப் போனால் லெக்சிகன், வின்சுலோ, ஃபபிரீசியுஸ் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வினைச்சொல்லைத் தேடும்போது ‘பிழைத்த’ என்று தேடாமல் பகுதியைத் தேட வேண்டும்: பிழை. வந்தான் என்றால் வா, சென்றான் என்றால் செல். அச்சு அகராதியில் தேடும்போது மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ‘அக்கா’ முதலில், ‘அகம்’ பிறகு. கணினி தன் குறியெண் வரிசையில் அடுக்கினால் இது தலைகீழாகிவிடும். ழகரம் ளகரத்துக்குப் பின்னால் போய்விடும், இரண்டுமே வகரத்துக்கு முன்னால் வந்துவிடும். சொல் அகராதியில் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் வரிசையைப் பாருங்கள்.

எதை வாங்குவது என்றால், ஒன்றே ஒன்று என்றால் க்ரியாவின் அகராதி. உங்கள் மகள் கட்டுரை எழுதவும் செய்தித்தாள் படிக்கவும் அது போதும். குறளுக்கும் சங்கப் பாட்டுக்கும் பழைய உரை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையத்தில் லெக்சிகனைப் பாருங்கள். பொருளின் பக்கத்தில் அடைப்புக்குள் எந்த நூல் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கவனித்து, அந்த இடத்தையும் எடுத்துப் படியுங்கள். இன்னொரு சின்ன யோசனை. பழைய அட்டை அளவில் காகிதம் வெட்டி, மகளை ‘பிழை’ வரும் வாக்கியங்களைத் தேடி எழுதச் சொல்லுங்கள், ஒரு தாளுக்கு ஒன்று, எங்கே பார்த்தாள் என்பதோடு. ‘பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் போனான்’, ‘அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பிழைத்துக்கொண்டார்’, ‘எழுத்துப் பிழை’, ‘யானை பிழைத்த வேல்.’ பத்து சேர்ந்ததும் மேசையில் பரப்பி, எதை எதோடு வைப்பாள் என்று பாருங்கள். எங்கே கோடு போட்டாள் என்று எனக்கும் எழுதுங்கள்.